மழையில்லாம ரெண்டு அங்குலம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கல்யாணமான மூணாவது நாளே என் பொண்டாட்டி இதைக் கண்டுபிடிச்சு எங்கிட்டயே சொல்லிட்டா. எனக்கு அது உறைக்க முப்பத்திரண்டு வருஷம் ஆச்சு. உறைச்ச இடம் எங்க சம்பந்தி வீட்டுத் தோட்டம், முழங்கால் வரைக்கும் சேத்துல.

நான் நீச்சல் குளம் கட்டறவன். ஓட்டல், பள்ளிக்கூடம், காசுள்ளவங்க வீட்டுப் பின்பக்கம், எங்க நீலமா தண்ணி நின்னாலும் அதுல என் கை பட்டிருக்கும். டைல் ஒட்டறது, பம்பு மாட்டறது, பாசி பிடிச்சா உரசி எடுத்துக் குளோரின் போடறது, நாற்பது வருஷமா இதுதான் பொழப்பு. ஊர்ல எனக்குப் பேரே குளோரின்காரர்தான். என் ஒரே பொண்ணு கல்யாணத்துல கண்ணுல தண்ணி கொட்டினப்போகூட, "அழறேன்னு யாருய்யா சொன்னது? குளோரின்ல நின்னு நின்னு கண்ணு இப்படி ஆயிடுச்சு"ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிச் சமாளிச்சேன். பொண்டாட்டி மட்டும் ஒண்ணும் சொல்லாம முந்தானையை நீட்டினா.

பொண்ணு போன வீடு நல்ல வீடு. மாப்பிள்ளை தங்கம். கூரை பிச்சுக்கிட்டுப் போனாலும் "பாத்துக்கலாம் மாமா"ன்னு சொல்ற ரகம். ஆனா சம்பந்தியம்மா இருக்காங்களே, நில அளவை ஆபீஸ்ல முப்பத்தஞ்சு வருஷம் வேலை பாத்து ரிட்டையர் ஆனவங்க. அங்குலம் பிசகாது. பொண்ணு போன புதுசுல அடுப்படியில உப்பு ஜாடியை இடது பக்கம் மாத்தி வெச்சா. சாயங்காலம் அது வலது பக்கம் இருந்துச்சு. ஹால்ல திரைச்சீலையை மாத்தினா. மறுநாள் பழசு தொங்குச்சு. சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. "இருக்கட்டும்மா, பழகிடுச்சு"ன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். திட்டினா பதிலுக்குத் திட்டலாம். இதுக்கு என்னத்தைப் பண்றது? ஒரு வருஷமா என் பொண்ணு அந்த வீட்டுல எதைத் தொட்டாலும் எடுத்த இடத்துலயே திரும்ப வெச்சுக்கிட்டு, விருந்தாளி மாதிரி இருந்தா. போன்ல "நல்லா இருக்கேம்பா"ம்பா. பெத்தவனுக்கு அந்தக் குரல் தெரியாதா?

அந்த வீட்டுத் தோட்டத்துல ஒரு பழைய குளம் இருந்துச்சு. பெரிசு ஒண்ணும் இல்லை, ஒரு பக்கம் முப்பது அடி, ஒரு பக்கம் இருபது. அந்த இடம் ஒரு காலத்துல வண்டிப் பேட்டையாம். கோடையில மரச்சக்கரம் காஞ்சு சுருங்கி இரும்புப் பட்டை கழண்டுடும்னு, வண்டியை அப்படியே தண்ணிக்குள்ள ஓட்டி நிறுத்தி ஊற வைப்பாங்களாம். அதுக்காகக் கல்லு பாவின சரிவுப் பாதை ஒண்ணு கரையில இருந்து நேரா தண்ணிக்குள்ள இறங்கும். அப்புறம் வண்டி போச்சு, சம்பந்தியம்மாவோட மாமனார் அங்க ஒரு பலகையைக் கட்டிக் குதிச்சு நீந்தற குளமாக்கினார். அப்புறம் பலகையும் இத்துப்போச்சு. இப்போ இலையும் பாசியும் நிறைஞ்சு, ஒரு தவளைக் குடும்பம் மட்டும் வாடகை இல்லாம குடியிருந்துச்சு.

அதை அழகான தோட்டக் குளமாக்கலாம்னு சொன்னது என் பொண்ணு. சரிவுப் பாதையைப் படி மாதிரி விட்டு அதுல உக்கார இடம், தண்ணியில அல்லி, ஓரத்துல நாணல், ஒரு சின்ன நீர்த்தாரை. "அப்பா செஞ்சு குடுப்பாரு அத்தை, அவருக்குத் தெரியாத குளமே கிடையாது"ன்னு சொல்லியிருக்கா. சம்பந்தியம்மா ஒரு நிமிஷம் யோசிச்சு, "சரிம்மா, செய்"ன்னாங்களாம். ஒரு வருஷத்துல முதல் தடவையா ஒரு "சரி". பொண்ணு எனக்குப் போன் பண்ணினப்போ மூச்சு வாங்குச்சு அவளுக்கு. அதுக்கும் மேல, சம்பந்தியம்மா தன்னோட தோட்டச் சங்கத்துக்காரங்களை அடுத்த ஞாயித்துக்கிழமை குளம் பாக்க டீக்குக் கூப்பிட்டுட்டாங்க. "என் மருமக யோசனை"ன்னு சொல்லியே கூப்பிட்டாங்களாம். "அப்பா, இதுல மட்டும் சொதப்பிடாதீங்கப்பா"ன்னா. நான் சிரிச்சேன். யார்கிட்ட சொல்றா பாருங்க!

திங்கக்கிழமை காலையில என் ரெண்டு ஆளுங்களோட போய் இறங்கினேன். கூடவே ஒரு சிமென்ட் டால்பினையும் வேன்ல ஏத்திக்கிட்டுப் போனேன். வாயால தண்ணி துப்பும். மூணு வருஷமா ஷெட்ல கிடந்துச்சு, நல்ல சரக்கு. சம்பந்தியம்மா அதை மேலயும் கீழயும் பாத்துட்டு, "இது வேண்டாம் சம்பந்தி"ன்னாங்க. அவங்க தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பிக்கிட்டு இருந்தாங்க, வியாழக்கிழமைதான் வருவாங்க. வாசல்ல செருப்பு மாட்டறப்போ திரும்பி, "இன்னொண்ணு. மிதக்கிற குப்பை, பாசி எல்லாத்தையும் எடுத்துடுங்க. அடியில மட்டும் கை வைக்காதீங்க"ன்னாங்க.

"ஆகட்டுங்க சம்பந்தியம்மா"ன்னு தலையை ஆட்டினேன். பொண்ணு அதையே இன்னும் மூணு தடவை சொன்னா. அதுக்கும் ஆட்டினேன். தலைதானே, ஆட்டினாத் தேயவா போகுது?

சரிவுப் பாதைக் கல்லைச் சரி பண்ண தண்ணியை இறைச்சோம். இறைச்சு முடிச்சுப் பாத்தா, ஐயய்யோ! அடி முழுக்க சாம்பல் கலர்ல கொழகொழன்னு ஒரு முழம் உயரத்துக்குச் சேறு. காலை வெச்சா கவ்விப் பிடிக்குது. நாற்பது வருஷமா அழுக்கைக் கண்டா எனக்குக் கை சும்மா இருக்காது. டைல்ல ஒரு சொட்டு மஞ்சக் கறை இருந்தாலே ராத்திரி தூக்கம் வராது எனக்கு. இது ஒரு முழம்!

"அண்ணே, அந்தம்மா அடியைத் தொடக் கூடாதுன்னாங்களே"ன்னான் என் ஆள் ஒருத்தன்.

"குளத்தைப் பத்தி யாருக்குத் தெரியும்? அவங்களுக்கா, எனக்கா? பேசாம மண்வெட்டியை எடு."

ரெண்டு நாள். வெட்டி, வழிச்சு, சுரண்டி, கடைசியில பிரஷர் பம்பு வெச்சுத் தண்ணி அடிச்சோம். அடியில சுத்தமான சரளைக் கல்லு பளிச்சுன்னு தெரிஞ்சுது. சேத்தையெல்லாம் வேலியோரம் மலையாக் குவிச்சோம். அதை அள்ளிக்கிட்டுப் போக லாரிக்காரனைக் கூப்பிட்டா, இதோ வர்றேன் அதோ வர்றேன்னு ஆள் வரவே இல்லை. அவனைத் திட்டாத திட்டு இல்லை. புதன்கிழமை நல்ல தண்ணி நிரப்பி, தொட்டியில அல்லியை இறக்கி, ஓரத்துல ஆளுயர நாணலை நட்டோம். அடிக் கல்லு ஒவ்வொண்ணையும் எண்ணலாம், அவ்வளவு தெளிவு. நான் மீசையைத் தடவிக்கிட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் சம்பந்தியம்மா வந்தாங்க. கரையில நின்னு பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. தெளிவுல மயங்கிட்டாங்கன்னு நான் நினைச்சுக்கிட்டேன். அப்புறம் கொட்டகைக்குள்ள போய் ஒரு நீளமான குச்சியை எடுத்துட்டு வந்தாங்க. அங்குலத்துக்கு ஒரு வெட்டு வெட்டின குச்சி. கல்லோரமா இறக்கி, தூக்கிப் பாத்து, "நாற்பத்தெட்டு"ன்னு சொல்லி ஒரு சின்ன நோட்டுல எழுதினாங்க. தினமும் காலையில வாக்கிங் முடிச்சு வந்ததும் அளக்கிறது அவங்க வழக்கமாம். அந்தக் குச்சியை வேற யாரும் தொட மாட்டாங்களாம்.

வெள்ளிக்கிழமை காலையில ஆறு மணிக்குப் பொண்ணு போன். கிசுகிசுன்னு பேசறா. "அப்பா, தண்ணி இறங்கியிருக்கு. மூணு அங்குலம். அத்தை வாக்கிங் போயிருக்காங்க. ஏழு மணிக்கு வந்து அளப்பாங்க."

அப்போதான் எனக்குப் பொறி தட்டுச்சு. நான் கட்டற குளத்துல தண்ணியைப் பிடிச்சு வைக்கிறது சிமென்ட். இந்தக் குளத்துல சிமென்ட்டே கிடையாது. அப்போ இத்தனை காலமா தண்ணியைப் பிடிச்சு வெச்சிருந்தது எது? நான் ரெண்டு நாள் நின்னு சுரண்டிக் கொட்டின அந்தக் கருமம் பிடிச்ச சேறு! அது அழுக்கு இல்லைய்யா. அதுதான் குளம். களிமண்ணை மிதிச்சு மிதிச்சு இறுக்கி வெச்ச அடி. நான் குளத்தை வழிச்சு வேலியோரம் குவிச்சு வெச்சுட்டு, குழிக்குத் தண்ணி ஊத்தியிருக்கேன்.

மூணு தெரு தள்ளித்தான் எங்க வீடு. கைலியைக் கட்டினபடியே ஓடினேன். அந்தத் தோட்டத்துக் கிணத்துல என் பம்பை இறக்கி, குழாயைப் போட்டு, ஆறே முக்காலுக்குள்ள மூணு அங்குலத்தையும் ஏத்திட்டேன். பம்பைச் சாக்கு போட்டு மூடிட்டு நாணலுக்குப் பின்னாடி உக்காந்தேன். சம்பந்தியம்மா வந்து அளந்தாங்க. "நாற்பத்தெட்டு." எழுதினாங்க. போயிட்டாங்க. பக்கத்துக் கல்லு மேல இருந்த தவளை என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் இப்படியே ஓட்டிடலாம், அப்புறம் ஏதாவது பண்ணலாம்"னேன் பொண்ணுகிட்ட. அவ என்னைத் திட்டலை. "உங்களைச் சொல்லிக் குத்தமில்லைப்பா, நான்தான் பெருமை பேசினேன்"ன்னா. அதைவிட நாலு அறை விட்டிருக்கலாம்.

சனிக்கிழமையும் அதே கூத்து. இந்தத் தடவை ஜாக்கிரதையா இருக்கணும்னு ரெண்டு பம்பு கொண்டு போனேன். ஓட விட்டுட்டு நிக்கறேன், என் பொண்டாட்டி போன். "என்னங்க, காலங்காத்தால கைலியோட எங்க போயிட்டீங்க?" சொன்னேன். அவ்வளவுதான், பிடிச்சுக்கிட்டா. "அந்தம்மா அவ்வளவு தெளிவாச் சொன்னாங்களே! உங்களுக்குக் காதுல என்ன, அங்கயும் குளோரினா?" நான் பதில் சொல்ல, அவ எதிர்ப் பதில் சொல்ல, பழைய கதையெல்லாம் வெளிய வந்துச்சு. போனை வெச்சுட்டுப் பாத்தா, கரை வரைக்கும் தளும்புது. பம்பை நிறுத்தவும் வாசல் கேட்டு திறக்கவும் சரியா இருந்துச்சு, நாணலுக்குப் பின்னாடி பாய்ஞ்சேன்.

சம்பந்தியம்மா குச்சியை இறக்கினாங்க. தூக்கினாங்க. கண்ணாடியைத் துடைச்சு மாட்டிக்கிட்டு மறுபடியும் இறக்கினாங்க. அப்புறம் திரும்பிப் பாக்காமலே, "சம்பந்தி, நாணல்ல இருந்து எழுந்து வாங்க. கொசு கடிக்கும்"ன்னாங்க.

எழுந்து வந்தேன். மாப்பிள்ளையும் பொண்ணும் சத்தம் கேட்டு வெளிய வந்துட்டாங்க.

"நேத்து நாற்பத்தெட்டு. இன்னிக்கு ஐம்பது. ராத்திரி மழை பெஞ்சுதா?"

"பனிங்க"ன்னேன் நான். என் வாயில அதுதான் வந்துச்சு. "இந்த வருஷம் பனி கொஞ்சம் ஜாஸ்தி."

"ரெண்டு அங்குலம் பனி?"

"பாத்துக்கலாம்மா"ன்னார் மாப்பிள்ளை.

நீ சும்மா இருன்னு ஒரு பார்வை பாத்தாங்க, அவர் சும்மா இருந்துட்டார். அப்போ என் பொண்ணு முன்னாடி வந்தா. ஒரு வருஷமா தலையைக் குனிஞ்சு உப்பு ஜாடியைத் திரும்ப வெச்ச பொண்ணு, நிமிந்து நின்னா. "நான்தான் அத்தை. அடியைச் சுரண்டச் சொன்னது நான். மூணு அங்குலம் இறங்கிடுச்சுன்னு தண்ணி விடச் சொன்னதும் நான்தான். அப்பா வேண்டாம்னுதான் சொன்னாரு."

நாற்பது வருஷம் தொழில்ல ஒருத்தர்கிட்டயும் தப்புன்னு ஒத்துக்கிட்டதில்லை நான். டைல் கழண்டா டைல் கம்பெனி மேல போடுவேன், தண்ணி பச்சையானா வெயில் மேல போடுவேன். இப்போ பழியைத் தூக்கிக்கிட்டு நிக்கறது என் பொண்ணு. "பொய்!"னு கத்தினேன். "சுத்தப் பொய்ங்க! அவ மூணு தடவை சொன்னா, அடியில கை வைக்காதீங்கன்னு. நான்தான் பெரிய புடுங்கி மாதிரி எனக்குத் தெரியும்னு வழிச்சுத் தள்ளினேன். அது குளம்னு எனக்குத் தெரியலை, அழுக்குன்னு நினைச்சேன். திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க. நாளைக்கு வர்றவங்ககிட்ட என் பேரைச் சொல்லுங்க. அவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

சம்பந்தியம்மா என்னைக் கண்டுக்கவே இல்லை. பொண்ணையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. "மூணு அங்குலம்னு எப்படித் தெரிஞ்சுது?"

"அளந்தேன் அத்தை." கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினா. "குச்சியை எடுத்த இடத்துலயே திரும்ப வெச்சுட்டேன்."

"ஓகோ"ன்னாங்க. "ஒரு வருஷத்துல இன்னிக்குத்தான் என் முன்னாடி நிமிந்து நின்னு பேசியிருக்கே. அதுவும் பொய்யி"ன்னாங்க. அவங்க சிரிச்சாங்களா இல்லையான்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியலை. அப்புறம் எங்கிட்ட திரும்பி, "வழிச்ச களிமண் எங்க?"ன்னாங்க.

வேலியோரம் அப்படியே மலையா நின்னுச்சு. வராத லாரிக்காரன் நூறு வருஷம் நல்லா இருக்கணும்!

"சாயங்காலத்துக்குள்ள தண்ணியை இறைச்சுடுங்க. களிமண்ணை நனைச்சு வைங்க. நாளைக்கு மிதிப்போம். இந்தக் குளம் வெட்டினப்போ வண்டி மாட்டையெல்லாம் நாள் கணக்குல நடக்க விட்டு மிதிச்சாங்கன்னு என் மாமனார் சொல்லுவாரு."

"இப்போ மாட்டுக்கு எங்க போறதுங்க?"

"சங்கத்துல பதினாலு பேர் வர்றாங்களே"ன்னாங்க சம்பந்தியம்மா.

ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வந்தாங்க. இஸ்திரி போட்ட சட்டை, பட்டு, தொப்பி, கையில கேமரா. சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர். குழியை எட்டிப் பாத்தார், மண் மலையைப் பாத்தார், "குளம்..?"ன்னு இழுத்தார்.

"அதைச் செய்யத்தான் வந்திருக்கீங்க. செருப்பைக் கழட்டுங்க"ன்னாங்க சம்பந்தியம்மா.

எனக்கு மானம் கப்பலேறப் போகுதுன்னு கண்ணை மூடிக்கிட்டேன். திறந்து பாத்தா பல் டாக்டர் பேன்ட்டைச் சுருட்டிக்கிட்டு இருக்கார். இந்தத் தோட்டக்காரங்களுக்குச் சேறுன்னா அப்படி ஒரு ஆசைன்னு எனக்கு என்ன தெரியும்? என் ஆளுங்க ஒரு சாண் கனத்துக்குக் களிமண்ணைப் பரப்ப, எல்லாரும் வரிசையா நின்னு மிதிச்சாங்க. மறுபடி பரப்ப, மறுபடி மிதி. வழுக்குது, ஒருத்தர் இன்னொருத்தரைப் பிடிக்க, ரெண்டு பேருமா உக்காந்துடறாங்க. தொப்பிக்காரம்மா ஒருத்தங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க, நிஜமாவே விழுந்து. என் பொண்டாட்டி புடவையைத் தூக்கிச் செருகிக்கிட்டு என் பக்கத்துல நின்னு, ஒவ்வொரு மிதிக்கும் என் முகத்தைப் பாத்துக்கிட்டே மிதிச்சா. காலு எட்டாத ஓரத்தையெல்லாம் இடிச்சு இறுக்க கனமா ஏதாவது வேணும்னாங்க. நான் ஓடிப்போய் வேன்ல கிடந்த டால்பினைத் தூக்கிட்டு வந்தேன். வால் பக்கம் பிடிச்சுத் தலையால இடிச்சா, அடடா, அதுக்குன்னே செஞ்ச மாதிரி இறுக்குச்சு. சம்பந்தியம்மாகூட, "பரவாயில்லையே, இது உபயோகமான பொருள்தான்"ன்னாங்க.

டீ வந்தப்போ ஒருத்தர் கையிலயும் டம்ளர் நிக்கலை, வழுக்கிக்கிட்டே போச்சு. நான் அப்போதான் கவனிச்சேன். சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் வலி, சேத்துல தனியா நடக்க முடியாது. என் பொண்ணோட தோளைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறாங்க. இவ ஒரு அடி வெச்சு, "இங்க வைங்க அத்தை"ங்கறா, அவங்க அங்க வைக்கறாங்க. அங்குலத்துக்கு அங்குலம் உலகத்தை அளந்த பொம்பளை, என் பொண்ணு காட்டின இடத்துல காலை வெச்சு வெச்சு நடந்துச்சு.

அப்புறம் நாலு நாள் மிதிச்சது நாங்க வீட்டு ஆளுங்க மட்டும். பதமா ஈரம் காயாமப் பாத்து, அப்புறம் குளத்துல தண்ணி நிரப்பினோம். முதல்ல பால் டீ கலர்ல இருந்துச்சு. எனக்குக் கை அரிச்சுது, ஒரு பிடி குளோரின் போட்டாத் தெளிஞ்சுடுமேன்னு. பொண்டாட்டி என் பை, டிக்கி, சட்டைப் பாக்கெட் எல்லாத்தையும் சோதிச்சுத்தான் அந்த வீட்டுக்குள்ள விட்டா. பத்து நாள்ல தானாத் தெளிஞ்சுது. அல்லி ஒண்ணு பூத்துச்சு. தவளைக் குடும்பம் திரும்ப வந்துச்சு.

அன்னிக்குக் காலையில எங்களை வரச் சொல்லியிருந்தாங்க. சரிவுப் பாதைக் கல்லுல வரிசையா உக்காந்திருந்தோம். சம்பந்தியம்மா குச்சியை இறக்கி, தூக்கி, "நாற்பத்தெட்டு. எட்டு நாளா அதே நாற்பத்தெட்டு"ன்னாங்க. நோட்டை எங்கிட்ட நீட்டினாங்க. புரட்டினேன். அந்தச் சனிக்கிழமைக்கு நேரா எழுதியிருந்தாங்க: மழை இல்லை. இரண்டு அங்குலம் ஏற்றம். காரணம், சம்பந்தி.

எல்லாரும் சிரிச்சோம். மாப்பிள்ளைதான் ரொம்பச் சிரிச்சார்.

சிரிப்பு அடங்கினதும் சம்பந்தியம்மா நோட்டை வாங்கி, குச்சியோட சேத்து என் பொண்ணு கையில குடுத்தாங்க. "நாளையில இருந்து நீ அள. அளந்துட்டு உனக்கு எங்க வசதியோ அங்க வெச்சுக்க."

பொண்ணு ரெண்டையும் மார்போட அணைச்சுக்கிட்டு நின்னா. எனக்கு எதிர்ல இருக்கிற அல்லி, தண்ணி, கல்லு எல்லாம் கலங்கலாத் தெரிய ஆரம்பிச்சுது. கைலி முனையால கண்ணைத் துடைச்சுக்கிட்டே, "ஒண்ணுமில்லை, இந்தக் குளோரின்..."னு ஆரம்பிச்சேன்.

என் பொண்டாட்டி முந்தானையை நீட்டினா. "இந்தத் தண்ணியில ஏதுங்க குளோரினு?"ன்னா.